எறும்பு வளை வாசலுக்கு உமி வந்த கதை

அந்தக் காலத்தில் எறும்பு வளை வாசலில் ஒரு பொட்டு உமி கிடக்காது. இப்போது கம்பங்காட்டு வரப்பில் எந்த வளையைப் பார்த்தாலும், வாயைச் சுற்றி உமியும் விதைத் தோலும் வட்டமாகக் குவிந்து கிடக்கிறதே, அதெல்லாம் அப்போது கிடையாது. துடைத்து வைத்த மாதிரி இருக்கும் வாசல். போகிறவர் வருகிறவர் எல்லாரும், எறும்பைப் போலச் சுத்தக்காரி உண்டா என்று வாயாரச் சொல்லிவிட்டுப் போவார்கள். உள்ளே நுழைந்து பார்த்தவர்தான் யாரும் இல்லை.

தட்டானும் தவளையும் எறும்பும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. கரிசல் காட்டில், ஓடையை ஒட்டிய ஒரு வரப்பில் கறுப்பெறும்புக் கூட்டம் ஒன்று குடியிருந்தது. அந்த வீட்டில் எந்தச் சாமான் எந்த மூலையில் இருக்கிறது என்பது கோப்பம்மா ஒருத்திக்குத்தான் தெரியும். தானியம் வந்தால் எங்கே இறக்குவது, எதை முதலில் உரிப்பது, எதைப் பின்னால் தின்னுவது எல்லாம் அவள் சொல்கிறபடிதான். அவளுடைய தங்கை சீனித்தாய்க்கு வேறு வேலை. வீட்டின் அடியில், குளுகுளுவென்று இருக்கிற பிள்ளை அறையில், முட்டைகளையும் வெள்ளைப் புழுவாக நெளிகிற குஞ்சுகளையும் பார்த்துக்கொள்வாள். எல்லாருக்கும் தாயான பெரிய எறும்பும் அங்கேதான் இருந்தாள்.

வீடு நல்ல வீடு. வாயிலிருந்து ஒரே பாதை கீழே இறங்கும். பாதையின் இரண்டு பக்கமும் தானிய அறைகள். பாதை முடிகிற இடத்தில் பிள்ளை அறை. மேலே, வாயை ஒட்டினாற்போல், வரப்பின் மேட்டுக்குள்ளேயே ஒரு அறை இருந்தது. அதுதான் மழை அறை. எவ்வளவு வெள்ளம் வந்தாலும் அதில் தண்ணீர் ஏறாது. மழை வருகிற நாளில் பிள்ளைகளை எல்லாம் அடியிலிருந்து தூக்கி வந்து அங்கே கிடத்திவிட்டு, வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுவார்கள். மற்ற நாளில் அது சும்மா கிடக்கும்.

கோப்பம்மாவிடம் ஒரு குணம் இருந்தது. எதையும் வெளியே போட மாட்டாள். கம்பை உரித்தால் உமியை வைத்துக்கொள்வாள். புல்லரிசியைத் தின்றால் அதன் தோலை வைத்துக்கொள்வாள். எப்போதோ இழுத்து வந்த வண்டின் ஓடு, பாதி அரித்த நெருஞ்சி முள், பிள்ளைகள் வளரும்போது உரித்துப்போட்ட மெல்லிசுத் தோல், எல்லாம் இருந்தது. செத்துப்போன எறும்புகளைக்கூட ஒரு அறையில் வரிசையாகக் கிடத்தியிருந்தாள். எதற்கு என்று யாராவது கேட்டால், “இருக்கட்டும், ஒரு நாளைக்கு ஆகும்” என்பாள். அந்த ஒரு வார்த்தையிலேயே அறை அறையாக நிரம்பிவிட்டது.

அறை நிரம்பினால் புது அறை தோண்டச் சொன்னாள். அதுவும் நிரம்பியது. பிறகு பாதையின் இரண்டு ஓரமும் உமியை அடுக்கினாள். நாலு பேர் கைகோத்துப் போன பாதையில் கடைசியில் ஒருத்தி போவதே பெரும்பாடாகிவிட்டது. எதிரே ஆள் வந்தால் ஒருத்தி பின்பக்கமாகவே நடந்து போய் வழிவிட வேண்டும்.

ஒரு நாள் பேச்சி என்கிற எறும்பு தலைக்கு மேல் கம்பு மணியைத் தூக்கிக்கொண்டு வந்தவள், உமிச் சரிவில் சிக்கிக்கொண்டு கத்தினாள்.

“கோப்பம்மாக்கா! பேசாம நாமெல்லாம் வெளியே போயிருவோம். உமி மட்டும் வசதியா இருந்துக்கிடட்டும்.”

“வாய் நீளுற அளவுக்குக் கால் நீண்டா இந்நேரம் நாலு நடை எடுத்திருப்ப.”

“கால் நீட்ட எங்கக்கா இடம் வச்சிருக்க?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கோப்பம்மாவும் சிரித்தாள். ஆனாலும் பேச்சி தட்டிவிட்ட உமியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மறுபடி ஓரத்தில் அடுக்கிவிட்டுத்தான் நகர்ந்தாள்.

புரட்டாசி முடிகிற சமயம். சீனித்தாய் பிள்ளை அறையிலிருந்து மேலே வந்தாள். வந்த வேகத்தில் மழை அறைக்குள் தலையை நீட்டினாள். தலை உள்ளே போகவில்லை. தரையிலிருந்து கூரை வரைக்கும் உமி.

அவள் அக்காவைத் தேடி வந்தாள். “அக்கா, மழை அறையில என்ன வச்சிருக்க?”

“உமிதான்.”

“எப்ப வச்ச?”

“தையில அறுப்பு முடிஞ்சப்ப. வேற எங்க வைக்கச் சொல்ற? அது சும்மாதான கெடந்துச்சு.”

“சும்மா கெடக்கறதுக்குத்தான அந்த அறையை வச்சிருக்கு. மழை வந்தா பிள்ளைகளை எங்க கொண்டு போவேன்?”

“ரெண்டு வருஷமா வராத பெருமழை இப்பத்தான் வந்து நிக்கப் போகுதாக்கும்.”

“வந்தா?”

கோப்பம்மாவுக்குச் சுருக்கென்றது. கையிலிருந்த தானியத்தைக் கீழே வைத்தாள்.

“சீனி, நீ பொறந்த வருஷம் என்ன வருஷம் தெரியுமா? காட்டுல ஒரு கதிர் கிடையாது. புல் கருகிப்போச்சு. வீட்டுல இருந்த தானியம் மாசிக்குள்ள முடிஞ்சிருச்சு. அப்புறம் என்ன செஞ்சோம்? மூலையில கெடந்த உமியை எடுத்து, அதுல ஒட்டியிருந்த தவிட்டைச் சுரண்டிச் சுரண்டி எடுத்து, அதைத்தான் உன் வாயில வச்சேன். அந்த உமியைத் தூரப் போட்டிருந்தா நீ இன்னிக்கு என் முன்னால நின்னு கேள்வி கேட்டிருக்க மாட்ட.”

சொன்னது பொய் இல்லை. சீனித்தாயோடு பிறந்தவர்களில் பாதிப் பேர் அந்த வருஷத்தைத் தாண்டவில்லை. சீனித்தாய் கீழே கிடந்த ஒரு உமியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

“உதவுச்சுக்கா. நான் இல்லைங்கல. அதுக்காகப் பஞ்சம் போன பிறகும் பஞ்சத்துக்குள்ளயே குடியிருக்கணுமா?”

தங்கை போன பிறகு கோப்பம்மா வெகுநேரம் உமி அறையின் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் உமியைப் பார்க்கும்போதெல்லாம், வாயைத் திறந்து திறந்து மூடிய அந்தக் குஞ்சுகள்தான் அவள் கண்ணில் வந்தன.

மறுநாள் காலையில் அவளாகவே எழுந்து மழை அறைக்குப் போனாள். “இன்னிக்கு ஒழிச்சிட்டுத்தான் மறுவேலை” என்று பேச்சியிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

முதல் உமியை எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள். ஓரத்தில் துளித் தவிடு இருப்பதுபோலத் தெரிந்தது. அதை ஒரு பக்கம் வைத்தாள். இரண்டாவது நல்ல அகலமான உமி. பிள்ளைகளுக்கு அடியில் மெத்தையாகப் போடலாம். அதையும் வைத்தாள். மூன்றாவது, ஓடைக்கு அக்கரையிலிருந்து அவளே தனியாக இழுத்து வந்த விதையின் தோல். அன்றைக்கு ஓணானிடமிருந்து தப்பித்த கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! அதை எப்படிப் போடுவது? இப்படியே எடுப்பதும் முகர்வதும் வைப்பதுமாகப் பொழுது போய்விட்டது. சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் வெளியே போடத் தேறியது மூன்றே மூன்று உமி. அந்த மூன்றையும் வாசலுக்கு எடுத்துப் போனவள், திரும்பி வரும்போது ஒன்றைக் கையோடு கொண்டு வந்துவிட்டாள்.

“என்னக்கா, மூணுல ஒண்ணு வழி தெரியாமத் திரும்பிருச்சா?” என்று கேட்டாள் பேச்சி.

“நாளைக்கு மிச்சத்தைப் பார்ப்போம்” என்றாள் கோப்பம்மா.

நாளைக்கு என்பது நாலு நாள் ஆனது. பத்து நாள் ஆனது. சீனித்தாய் தினமும் ஒரு தடவை மேலே வந்து மழை அறையைப் பார்ப்பாள். அப்படியே இறங்கிப் போவாள். அந்த வருஷம் பிள்ளை அறையில் என்றைக்கும் இல்லாத அளவுக்குப் பிள்ளைகள். பஞ்சத்தில் அழிந்த கூட்டம் இப்போதுதான் மறுபடி பெருகிக்கொண்டிருந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் உச்சி வெயில் சாய்கிற நேரம். தட்டான் ஒன்று வரப்பை உரசுகிற மாதிரித் தாழப் பறந்து வந்தது.

“ஏ வரப்பு வீட்டுக்காரிகளா! பிள்ளை குட்டியை மேல ஏத்துங்க. மேற்கே வானம் கறுத்துக் கெடக்கு. பொழுது அடையறதுக்குள்ள கொட்டப் போகுது!”

“போன வருஷமும் இப்படித்தான் சொன்ன” என்றாள் கோப்பம்மா.

“போன வருஷம் தலைக்கு மேல பறந்து சொன்னேன். இப்ப என் றெக்கை கனக்கு. மேல ஏற முடியல. நீயே பாத்துக்க.”

கோப்பம்மா வெளியே வந்து பார்த்தாள். காற்று நின்றிருந்தது. மண்ணிலிருந்து ஒரு புழுக்கம் எழும்பிக்கொண்டிருந்தது. அவள் மீசை இரண்டும் தானாக நடுங்கின. ஓடிப்போய் மழை அறையில் கையை வைத்தாள். கால்வாசி அறைகூட ஒழியவில்லை. இனி ஒழிக்க நேரமும் இல்லை.

“வெளியே கொண்டு போங்க” என்று கத்தினாள். “வரப்பு மேட்டுல எருக்கஞ்செடி நிக்குதுல்ல, அந்த இலைக்கு அடியில வைங்க.”

முதலில் தாயை ஏற்றினார்கள். தாய் பெரிய உடம்புக்காரி. இரண்டு பக்கமும் உமி உரச, முன்னால் ஆறு பேர் இழுக்க, பின்னால் ஆறு பேர் தள்ள, அவளை வெளியே கொண்டுவருவதற்குள் முதல் துளி விழுந்துவிட்டது. அதன் பிறகுதான் பிள்ளைகளைத் தூக்க வழி கிடைத்தது. அதுவும் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக. பிள்ளையோடு ஏறுகிறவள் ஏறி முடித்தால்தான் அடுத்தவள் இறங்க முடியும். அகலமாக இருந்த பழைய பாதையில் இந்நேரம் எல்லாரையும் ஏற்றி முடித்திருப்பார்கள். இப்போது பாதிப் பிள்ளைகள்தான் எருக்கிலைக்கு அடியில் வந்து சேர்ந்திருந்தன.

மழை பிடித்துக்கொண்டது. வரப்புக்கு அந்தப் பக்கம் காடு தண்ணீரால் நிறைந்தது. வெயிலில் வெடித்துக் கிடந்த கரிசல் மண் வாயைத் திறந்து தண்ணீரைக் குடித்தது. வெடிப்பு வழியாக இறங்கிய தண்ணீர், அடி அறையில் ஊற்றெடுக்க ஆரம்பித்தது. மேலே வாய் வழியாகவும் ஒழுகியது. பாதையோரம் அடுக்கியிருந்த உமி நனைந்தது, ஊறியது, உப்பியது. பிறகு மெதுவாக, ஒரு பக்கத்து அடுக்கு மறுபக்கத்து அடுக்கின்மேல் சாய்ந்தது.

பாதை அடைபட்டுவிட்டது.

மேலே கோப்பம்மாவும் பேச்சியும் இன்னும் சிலரும். கீழே சீனித்தாயும் மீதிப் பிள்ளைகளும். நடுவில் உமி.

“சீனி! ஏ சீனி!”

“இருக்கேன்க்கா.” சத்தம் எங்கேயோ தூரத்திலிருந்து வருவதுபோல இருந்தது. “பிள்ளைகளை உசரத்துல தூக்கி வச்சிருக்கேன். தண்ணி காலை நனைச்சிருச்சு. வழியை எடு.”

கோப்பம்மா உமியைப் பிடித்து இழுத்தாள். ஒன்றை எடுத்தாள். பக்கத்தில் வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். அதையும் அதன்மேல் வைத்தாள். எத்தனையோ வருஷப் பழக்கம், கை தானாக அடுக்கியது.

“அக்கா, என்ன செய்ற? வழியே வரக் காணோமே.”

“எடுத்து வச்சிக்கிட்டுத்தான்டி இருக்கேன்!”

“வைக்காத. எறி.”

கோப்பம்மா ஒரு கணம் நின்றுவிட்டாள். பிறகு எறிந்தாள். நல்லது கெட்டது பார்க்கவில்லை. தவிடு இருக்கிறதா என்று முகரவில்லை. அகலமானது, சின்னது, அக்கரையிலிருந்து கொண்டுவந்தது, எல்லாவற்றையும் கடித்து இழுத்துப் பின்னால் வீசினாள். பேச்சி அதை வாங்கி வெளியே வீசினாள். நனைந்த உமி கல்லாகக் கனத்தது. இழுக்க இழுக்க மேலேயிருந்து சரிந்தது. கடைசியில் ஒரு தலை நுழைகிற அளவு ஓட்டை விழுந்தது. அதில் சீனித்தாயின் முகம் தெரிந்தது.

“பிடி” என்றாள் அவள். ஓட்டை வழியாக ஒரு பிள்ளை வந்தது.

கோப்பம்மா வாங்கிப் பேச்சியிடம் கொடுத்தாள். அடுத்தது வந்தது. அதற்கும் அடுத்தது வந்தது. இரண்டு பேருக்கும் வேறு நினைப்பு இல்லை. நீட்டுவதும் வாங்குவதும்தான்.

“இடுப்புக்கு மேல வந்திருச்சா தண்ணி?”

“அதைப் பாக்க நேரமில்லைக்கா.”

“போதும்டி. நீ ஏறி வா. ஓட்டையைப் பெரிசாக்கறேன்.”

“இன்னும் கொஞ்சம் பிள்ளைகதான் இருக்கு. இந்தா வாறேன்.”

சீனித்தாயின் முகம் ஓட்டையிலிருந்து விலகியது. கோப்பம்மா ஓட்டையைச் சுற்றி வெறி பிடித்தவள்போலக் கடித்து இழுத்தாள். அப்போதுதான் பக்கத்து அறையின் சுவர் ஊறி உடைந்தது. அதில் வருஷக்கணக்காக அடைத்து வைத்திருந்த உமி மொத்தமும் ஒரே இறக்கமாகப் பாதைக்குள் இறங்கியது. ஓட்டை இருந்த இடம் தெரியவில்லை.

“சீனி!”

பதில் இல்லை. தண்ணீர் உமிக்குள் இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

கோப்பம்மா இழுத்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் அவள் கழுத்துக்கு வந்த பிறகும் விடவில்லை. பேச்சிதான் அவள் பின்னங்காலைக் கடித்துப் பிடித்து, தரதரவென்று வெளியே இழுத்துப் போட்டாள்.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. எருக்கிலைக்கு அடியில் தாய் இருந்தாள். ஏறி வந்த பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து நெளிந்தன. வெயில் ஏறி, மண்ணிலிருந்து ஆவி கிளம்பியது. கோப்பம்மா எழுந்தாள். வளைக்குள் இறங்கி, ஈர உமி ஒன்றைக் கடித்து இழுத்து வந்து வெளியே போட்டாள். மறுபடி இறங்கினாள். மற்றவர்களும் அவள் பின்னால் இறங்கினார்கள். உச்சிவெயிலுக்குள் பாதை தெரிந்தது.

சீனித்தாய் பாதையின் பாதியில் இருந்தாள். கால்களைச் சுவரில் ஊன்றி மேலே ஏறுகிற நிலையிலேயே இருந்தாள். வாயில் ஒரு பிள்ளை. பிடி விடவில்லை. அந்தப் பிள்ளைக்கும் உயிர் இல்லை.

எல்லாரும் தள்ளி நின்றார்கள். பேச்சிதான் மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, இவளை எந்த அறையில வைக்க?”

செத்தவர்களை வைக்கிற அறைதான் இருக்கிறதே. கோப்பம்மா தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இவளையாவது வைத்துக்கொள்ளலாமே என்று நெஞ்சு கெஞ்சியது. தினம் ஒரு தடவை வந்து பார்க்கலாம். ஒரு வார்த்தை பேசலாம். ஒரு மூலை போதும்.

பிறகு அவள் குனிந்து தங்கையைப் பிள்ளையோடு சேர்த்துத் தூக்கினாள். தனியாகவே தூக்கினாள். உதவிக்கு வந்தவர்களை வேண்டாம் என்றாள். பாதை வழியாக ஏறி, வெளிச்சத்துக்கு வந்து, வரப்பின் ஓரத்தில் வெயில் படுகிற இடமாகப் பார்த்துக் கிடத்தினாள்.

திரும்பி வந்து சொன்னாள். “இனிமே இந்த வீட்டுக்குள்ள உயிரோட இருக்கறவங்களுக்கும் அவங்க திங்கறதுக்கும்தான் இடம். மத்ததெல்லாம் வெளியே.”

அன்றைக்கும் மறுநாளும் அதற்கு மறுநாளும் வீட்டை ஒழித்தார்கள். உமி, தோல், வண்டு ஓடு, முள், இத்தனை காலம் அறையில் கிடந்த செத்த எறும்புகள், எல்லாம் வெளியே வந்தன. மழை அறை கூரை முதல் தரை வரை காலியானது. அதில் காற்று வந்து போனது. எருக்கிலைக்கு அடியில் கிடந்த பிள்ளைகளை அங்கே கொண்டுவந்து கிடத்தினார்கள்.

வாசலில் சேர்ந்த குவியலைப் பார்த்துவிட்டுப் பேச்சி சொன்னாள். “இதைத் தூரமாக் கொண்டு போய் ஓடையில தள்ளிருவோமாக்கா? பாக்கப் பாக்க உனக்கு மனசு கஷ்டமாத்தான இருக்கும்.”

“வேண்டாம். இங்கனயே சுத்திப் போடுங்க. எதையாவது வீட்டுக்குள்ள தூக்கிட்டு வாறவ இதைத் தாண்டித்தான் வரணும். தாண்டும்போது ஒரு நிமிஷம் யோசிக்கணும்.”

காற்று வந்தபோது குவியலில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனது. சிட்டுக்குருவிகள் வந்து, தவிடு ஒட்டியிருந்த உமியாகப் பார்த்துக் கொத்திக்கொண்டு போயின. கோப்பம்மா வாசலில் நின்று அதைப் பார்த்தாள். யாரோ ஒருத்தியின் குஞ்சு தின்னட்டும் என்று விட்டுவிட்டாள்.

அக்கம்பக்கத்து வரப்புகளிலிருந்து வேறு எறும்புகள் வந்தன. துடைத்து வைத்த வாசல் இப்படிக் கிடக்கிறதே என்று முகத்தைச் சுளித்தபடிதான் வந்தன. நடந்ததைக் கேட்டுவிட்டு, நேரே தங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போயின. மறுநாள் அந்த வாசல்களிலும் உமி வந்திருந்தது. அங்கிருந்து அடுத்த காட்டுக்கும், அதற்கடுத்த ஊருக்கும் செய்தி போனது.

அன்றையிலிருந்துதான் எறும்புகள் அன்றன்றைக்கு உரித்த உமியை அன்றன்றைக்கே வெளியே கொண்டுவந்து வாசலைச் சுற்றிப் போடுகின்றன; கூட்டத்தில் ஒருத்தி இறந்துபோனாலும், எவ்வளவு வேண்டியவளாக இருந்தாலும், வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாமல், தூக்கி வந்து வெயிலில் கிடத்திவிட்டுப் பிள்ளைகளைப் பார்க்க உள்ளே திரும்பிப் போகின்றன.